லாட்ஜ் ஏஐ வாய் திறந்த நாள்

புதிதாக ஒரு பொருளை வாங்கியவர் அதைப் பற்றிப் பேசும் பேச்சில் பாதி பெருமை, மீதி அறியாமை. நான் ஏஐ வாங்கிய காலத்தில் எனக்கு இரண்டுமே ஜாஸ்தியாக இருந்தது.

திருவண்ணாமலையில் மூன்று லாட்ஜுகள் வைத்திருக்கும் ஒருவரிடம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். (விசிட்டிங் கார்டில் 'ஐ.டி. நிர்வாகி' என்று இருக்கும். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் அதில் அடக்கம்.) முதலாளிக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையோரம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலத்தில்தான் முதல் லாட்ஜைக் கட்டினார். பூட்டைப் பூட்டிய பிறகு அதைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் நகராத மனிதர்.

பௌர்ணமி வந்தால் எங்கள் போன் ஓயாது. ரூம் இருக்கா, வெந்நீர் வருமா, கார் எங்கே நிறுத்துவது என்று கேட்டுக் கேட்டு, வரவேற்பறையில் உட்காரும் முருகேசன் அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிடும். வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் ஏஐ ஒன்று வாங்கலாம் என்றேன். முதலாளி தயங்கினார். சென்னையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி பௌர்ணமிதோறும் தன் ஆட்களை எங்களிடம் அனுப்பத் தயாராக இருந்தது. தங்குபவர்களின் விவரங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஆள் வந்து பார்த்த பிறகுதான் ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதலில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு என்பது அவர் கட்சி.

"ஊரே ஏஐக்கு போயிட்டுது சார். நாம இன்னும் பூட்டு வாங்கினு இருக்கோம்" என்றேன்.

"செரிம்மா. உன் பொறுப்பு" என்றார்.

அந்த இரண்டு சொல் எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. ஒப்பந்தம் வந்தால் மூன்று லாட்ஜுக்கும் நான்தான் மேனேஜர் என்று வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மாமியார் அவர் பங்குக்கு அடுத்த தெருவுக்கும் சொல்லிவிட்டார்.

உங்களிடம் உள்ள தகவலை எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். எங்களிடம் விதிமுறைப் புத்தகமெல்லாம் கிடையாது. லாட்ஜ் நடப்பதே ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில்தான். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த ரூமில் யார், வந்தவரின் ஆதார் அட்டைப் படம், எல்லாம் அதில்தான் விழும். நான் என்ன செய்தேன்? அந்தக் குரூப்பை அப்படியே, அன்று காலை வரை உள்ளது பூராவும், ஏஐக்குள் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, இந்த யோசனை வேறு யாருக்கு வரும் என்று ஒரு டீயும் குடித்தேன்.

கம்பெனியிலிருந்து வந்தவர் என்னைவிடச் சின்னப் பெண். பெயர் நித்யா. நான் குரூப்பை ஏற்றியதற்கு முந்தின இரவே வந்து தங்கியிருந்தார். ஏற்றிய அன்று, அதாவது பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம், வரவேற்பறையில் முதலாளி, முருகேசன் அண்ணன், நித்யா மூவரையும் உட்கார வைத்து, என் போனை டிவியில் இணைத்தேன்.

"இது என்னல்லாம் படிச்சிருக்கு?" என்று கேட்டார் நித்யா.

"எல்லாத்தையும் மேடம்" என்றேன் பெருமையாக. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெந்நீர் எப்போது வரும் என்று தட்டினேன். 'காலை ஐந்து முதல் எட்டு வரை வரும். ஏழரைக்கு மேல் கேட்பவர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லவும்' என்றது ஏஐ. முருகேசன் அண்ணன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னைத் தெரியுதான்னு கேளுங்க" என்று தன் பெயரைச் சொன்னார் நித்யா.

'தெரியும். 207இல் தங்கியிருக்கிறார். கம்பெனியிலிருந்து செக்கிங் வந்த அம்மா. எலி வரும் 209ஐக் கொடுக்க வேண்டாம். எது கேட்டாலும் சிரித்த முகத்தோடு ஆமாம் சொல்லவும்.' (அந்தக் கடைசி வரியைக் குரூப்பில் போட்டவள் நான்தான்.)

முதலாளிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "என்னப் பத்தி இன்னா சொல்லுதுன்னு பாரும்மா."

நெட் போய்விடாதா என்று வேண்டிக்கொண்டே தட்டினேன். போகவில்லை. 'ஐயா வந்தால் வராந்தா விளக்கை அணைக்கவும். போன பிறகு போடலாம். காபிக்குச் சர்க்கரை கேட்பார். வீட்டம்மா கொடுக்கக் கூடாது என்றிருக்கிறார். தீர்ந்துவிட்டது என்று சொல்லவும்.'

முதலாளி நிதானமாகத் திரும்பினார். "ஏம்ப்பா முருகேசா, ஒரு வருஷமாவா சக்கர தீந்து போச்சு?"

நித்யா சிரிக்கவில்லை. என் போனை வாங்கி அவரே தட்டினார்: 'இன்று தனியாகத் தங்கியிருக்கும் பெண்கள் யார் யார்?'

பெயர், ரூம் எண், ஆதார் படம் என்று திரையில் வரிசையாக வந்து விழுந்தது. அதில் ஒரு பெண், முந்தின நாள் சாவி வாங்கும்போதே, யார் கேட்டாலும் நான் இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று முருகேசன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டவள். அவர் அதை அக்கறையாகக் குரூப்பில் போட்டிருந்தார். ஏஐ அதையும் சேர்த்தே சொன்னது. 'வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' என்றும் கேட்டது.

அந்தப் பெண் மாடியில்தான் இருந்தாள்.

"இது எப்ப வெளிய போகுது?" என்றார் நித்யா.

"சாயந்தரம். வாசல்ல நம்பர் போட்டு பேனர் கட்டியாச்சு மேடம்."

"யாராச்சும் அதுல பேசிக்கீறாங்களா பாரு" என்றார் முதலாளி. அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

பார்த்தேன். என் எண்ணைத் தவிர ஒருவருமில்லை. இன்னொரு முறை பார்த்தேன். இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் பதவி, மாமியார், அடுத்த தெரு எதுவும் நினைவில் இல்லை. நல்லவேளை, நல்லவேளை என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் அண்ணன் பேனரை அவிழ்க்க ஓடினார். நான் போட்ட முடிச்சு அவிழாமல், சமையலறைக் கத்தியால் அறுத்தார்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். "விஷயம் வாசலுக்குள்ளவே நின்னுபோச்சு. எந்திரிம்மா" என்றார் முதலாளி.

நித்யா பையை எடுத்துக்கொண்டார். "ஏஐ வேணாம்னு நான் சொல்லல. மொதல்ல யாருக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்ணுங்க. பண்ணிட்டு கூப்புடுங்க, வந்து பாக்கறேன்."

பண்ணினோம். ஆதார் படங்கள் குரூப்பை விட்டுப் போயின. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. (அதுவரை எல்லோருக்கும் ஒன்றே. மறக்காமலிருக்க மானிட்டரில் ஒட்டியும் வைத்திருந்தோம்.) அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏஐக்கு மறுபடி வாய் கொடுத்தோம். இப்போது அதற்கு வெந்நீர், கார் நிறுத்துமிடம், கோயிலுக்கு வழி, இவ்வளவுதான் தெரியும். மற்ற எதைக் கேட்டாலும் ஒரே பதில்: 'அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வரவேற்பறையில் கேளுங்கள்.' நித்யா வந்து பார்த்துத் தலையாட்டினார். ஒப்பந்தம் வந்தது. மேனேஜர் பதவி வரவில்லை.

வீட்டில் இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எனக்கு மரியாதை இல்லை. பரீட்சையில் எவ்வளவு என்று மகளைக் கேட்டால், "அத சொல்ல எனக்கு அனுமதி இல்ல. வரவேற்பறைல கேளுங்க" என்கிறாள். சம்பளம் என்ன ஆயிற்று என்று கணவரைக் கேட்டாலும் அதே. மாமியார்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் காலை, ஏஐயிடம் யார் என்ன கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி எந்த ரூம் என்று கேட்டிருந்தான். முதலில் அவள் அண்ணன் என்றான். பிறகு கணவன் என்றான். கடைசியில் மிரட்டியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஏஐ மரியாதையாக அதே பதிலைச் சொல்லியிருந்தது. மாடிக்கு ஓடினேன். அந்தப் பெயரில் தங்கியிருந்த பெண் பத்திரமாக இருந்தாள். விஷயத்தைச் சொல்லி, முருகேசன் அண்ணனோடு போய் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் கேட்டார், "எந்த ஊரு பொண்ணு அது?"

"அத சொல்ல எனக்கு அனுமதி இல்லிங்க" என்றேன்.

சிரிப்பார் என்று பார்த்தேன். "செரி, சொல்லாத" என்று எனக்கும் சேர்த்து டீ போடப் போனார்.