பத்துத் தேங்காயும் பத்து நாள் தண்ணீரும்

சிரஞ்சீவி மைத்துனன் பரணிதரனுக்கு, உன் அத்தான் பஞ்சநதம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அக்கா பிரகதாம்பாள், மாடு, கன்று சகலரும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் குழந்தைகளும் சௌக்கியம்தானே? போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். நான் போனில் ரகசியம் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கிறதாம். ஊருக்கு வந்திருக்கும் உன் மருமகள் வானதிக்குக் கேட்காமல் இருக்குமா? விஷயமே அவளைப் பற்றித்தான். வங்கியில் ஆபீசர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வரும் திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அவளோ தஞ்சாவூரில் ஆராய்ச்சியை விட மாட்டேன் என்கிறாள். தாய்மாமன் நீ ஒரு அதட்டுப் போட்டால்தான் வழிக்கு வருவாள்.

பொருளாதாரம்தானே படிக்கிறாள், படிக்கட்டுமே என்று நீ சொல்லலாம். நானும் மூன்று வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் மேஜையைப் போய்ப் பார். நியாயம் என்றால் என்ன என்று ஒரு தத்துவப் புத்தகம், அதன் மேல் மனுஷ மூளைப் படம், அதற்கும் மேல் சாதியைப் பற்றித் தலையணை கனத்தில் ஒன்று. "இதுல பொருளாதாரம் எங்கம்மா இருக்கு?" என்றேன். "எல்லாத்துலயும்தாம்பா. வெறும் கணக்குன்னா கால்குலேட்டர் போதுமே, நான் எதுக்கு?" என்கிறாள்.

போன மாசம் ஊருக்கு வந்தவள், சோதனை செய்கிறேன் என்று வாசலில் பத்துத் தேங்காயை அடுக்கினாள். பத்தும் நம் கொல்லைக் காய், அதை மறக்காதே. பங்கு பிரிப்பது நானாம். எதிரே காளியம்மாள். நம் வாய்க்காலின் கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறாளே, அவள்தான். ஒரு காலத்தில் நம் வயலில் நடவு நட்ட குடும்பம். இன்றைக்கு மகன் பரிதி சொந்தமாகப் பொக்லைன் வைத்து ஓட்டுகிறான். நான் கொடுப்பதை அவள் ஒப்புக்கொண்டால் அவரவர் பங்கு அவரவருக்கு. வேண்டாம் என்றுவிட்டால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. நான் தாராளமாக இரண்டை நகர்த்தி வைத்தேன்.

"ரெண்டா? வேணாங்க."

"அடடா, உனக்கு ஒண்ணுமில்லாமப் போயிடுமே!"

"உங்களுக்குந்தான் இல்லாமப் போவுது."

அவ்வளவுதான். பத்துத் தேங்காயும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் போய்விட்டது. எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. "ரெண்டு பெரிசா, சைபர் பெரிசா?" என்று வானதியிடம் குதித்தேன். "ரெண்டு பெரிசுங்கறது கணக்கு. ரெண்டு நியாயமாங்கறது தத்துவம். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அவங்க உங்க முன்னாடி நின்னு வேணாம்னு சொல்லியிருக்க முடியுமா, அது சமூகம். மூணையும் ஒண்ணா வச்சுப் பாக்கறதுதாம்பா என் வேலை" என்றாள். தேங்காயைத் தொலைப்பதற்கு ஒரு வேலை!

கேள், அதோடு முடியவில்லை. மேட்டூர் அணை திறக்க அப்போது எட்டு நாள்தான் பாக்கி. நம் வாய்க்கால் முழுக்க மண்ணும் ஆகாயத்தாமரையும். குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. வருஷா வருஷம் பரிதியின் வண்டிதான் வந்து தூர் வாரும். இந்த வருஷம் காளியம்மாள், "பத்து நாள் முறைத் தண்ணியில எட்டு உங்களுக்கு, ரெண்டு எங்களுக்கு. வண்டி வராதுங்க" என்றுவிட்டாள். "தூர் வாரலன்னா உனக்கும்தானே தண்ணி..." என்று ஆரம்பித்தவன் பாதியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அதே எட்டு, அதே இரண்டு. தேங்காய்க்கு மட்டுமில்லை மாப்பிள்ளை, தண்ணீருக்கும் இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் நகர்த்தி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்கே போனேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். "அஞ்சு உனக்கு, அஞ்சு எனக்கு" என்றேன், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு. "அஞ்செல்லாம் வேணாங்க, நாலு போதும். ஆனா மொத நாலு நாள் எங்களுக்கு. அப்புறம் நீங்க பாச்சுனா, வடியற தண்ணியும் எங்க பக்கந்தானே வரும்!" என்று சிரிக்கிறாள். அடேயப்பா! நம் வீட்டில் ஒருத்தி மூன்று வருஷமாகப் படிப்பதை இவள் வாய்க்கால் வரப்பிலேயே முடித்துவிட்டாள். வானதி ஓடிவந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். பரிதி வண்டி இரண்டே நாளில் வேலையை முடித்தது. முதன்முறையாகக் கடைமடையில் முதலில் தண்ணீர் ஏறியதை வரப்பில் நின்று பார்த்தேன். என் நாற்றும் ஒன்றும் காய்ந்துவிடவில்லை, பச்சைப் பசேலென்று நிற்கிறது.

இருந்தாலும் வங்கி வேலை வங்கி வேலைதானே? பெண்ணைப் பெற்றவன் மனசு உனக்குத் தெரியும். கடுதாசி கண்டவுடன் போன் போட்டு அவளை அதட்டு. உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் காவேரி போல நிறைந்த வாழ்வு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
பஞ்சநதம்

பி.கு.: தபால் ஆபீசில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை, வங்கிக்காரன் கெடுவுக்கு இரண்டே நாள். மஸ்கட்டுக்குச் சாதாத் தபால் போய்ச்சேரப் பதினைந்து நாளாகுமாம். "ஸ்பீடு போஸ்ட்ல போடட்டுங்களா, சீக்கிரம் போயிடும்" என்று கவுண்டரில் இருக்கும் பெண் இரண்டு தடவை கேட்டது. சாதாவே போதும்மா, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.