பேத்தியின் குதிகால் இரத்தமும் என் ஜம்ஜம் தண்ணீரும்

லெப்பைக்குடிக்காடு,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகன் அல்தாப் அவர்களுக்கு, மாமி பாத்திமா பீவி ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் அருளால் நானும் என் மகள் அஃப்ரினும் உங்கள் மகள் ருமைசாவும் சுகம். குவைத்தில் உங்கள் உடம்பிலும் உழைப்பிலும் பரக்கத் இறங்க துஆ செய்கிறேன். பக்கத்து வீட்டு அம்மார் இன்று அஸர் தொழுதுவிட்டு ஏர்போர்ட் கிளம்புகிறான். மல்லிப்பொடியோடு இந்தக் கடிதமும் அவன் பெட்டியில் வருகிறது. போனில் சொல்லலாமே என்பீர்கள். போன் எப்போதும் அஃப்ரின் பக்கத்தில் இருக்கிறது, அவள் காதுபடச் சொல்ல முடியாததை எழுதித்தான் ஆக வேண்டும். முதலில் ஒன்று: லீவு போட்டு வர வேண்டாம். இங்கே எல்லாம் என் கையில் இருக்கிறது.

"ரத்த டெஸ்ட் சரியில்லையாமே மாமி" என்று நேற்று கேட்டீர்களே, விவரம் இதுதான். உங்கள் மூத்த பிள்ளை காய்ச்சல் மேல் காய்ச்சலாக வந்து, பால்குடி மறக்கும் முன்பே நம்மை விட்டுப் போனதைக் கேட்ட பெரம்பலூர் டாக்டரம்மா, அது பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பரம்பரைக் குறையாக இருந்திருக்கலாம், இந்தப் பிள்ளைக்குப் பிறந்த கையோடு பார்த்துவிடுவோம் என்றார். சொந்தத்தில் முடித்ததா என்று கேட்டார். எங்கள் தெருவில் அன்னியத்தில் முடித்தவர்களைத்தான் தேட வேண்டும் என்றேன். நர்ஸ் மலர்கொடி பிள்ளையின் குதிகாலில் குத்தி, ஒரு தடித்த அட்டையில் அச்சிட்டிருந்த வட்டங்களில் இரத்தச் சொட்டு வைத்து, காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளையின் இரத்தம் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று நான் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். அதோடு விட்டிருக்கலாம். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொடுத்த ஜம்ஜம் தண்ணீர் பையில் இருந்தது. வட்டத்துக்கு ஒரு சொட்டு, கூடாமல் குறையாமல் வைத்தேன். ஈரம் பட்டு வட்டங்கள் கலந்துவிட்டன, மறுபடி அனுப்புங்கள் என்று சென்னை லேப் எழுதிவிட்டது. தண்ணீரில் குற்றமில்லை, அந்தப் பாக்கியத்தைத் தாங்க அட்டைக்குத்தான் தெம்பில்லை. கெட்டது அட்டை, பிள்ளை இல்லை. இரண்டாம் தடவை குத்த வந்த மலர்கொடி, "ஓதுங்கம்மா, வேணாங்கல. வெளில நின்னு ஓதுங்க, அல்லாவுக்குக் கேக்கும்" என்றாள். நியாயமான பேச்சு. வெளியே நின்றேன்.

ரிசல்ட் வரும்வரை காசநோய்த் தடுப்பூசி வேண்டாம், சளி இருமல் உள்ளவர்கள் பிள்ளையை நெருங்க வேண்டாம் என்பது டாக்டரம்மா உத்தரவு. எனக்குச் சளி என்று நம் ஊரில் யார் ஒப்புக்கொள்வார்? அதனால் எல்லோரையும் நிறுத்திவிட்டேன். வாசலில் வாளியும் சோப்பும், முத்தம் யாருக்கும் கிடையாது. உங்கள் பெரியத்தா அப்துல் மஜீது, நம் வழக்கப்படி பேரீச்சம்பழம் மென்று பிள்ளை நாக்கில் தொட்டுவைக்க, ஜிப்பா போட்டு, அத்தர் பூசி, வரும்போதே மென்றுகொண்டு வந்தார். குறுக்கே நின்றேன். வாயில் பழம் இருந்ததால் கையால் திட்டினார். விழுங்கிய பிறகு, "ஒன் மக கல்யாணத்த முன்னால நின்னு நடத்துனவன் நான். என்னையவா வாசல்ல நிறுத்துற?" என்றார். "மச்சான், உசிரக் காப்பாத்துறதும் மார்க்கந்தான். ரிசல்ட் வரட்டும், ஒரு கிலோ பழம் மெல்லுங்க" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் மறுநாளும் வந்தார். இப்போது தினமும் கை கழுவிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து துஆ செய்கிறார். பழம் ஜிப்பா பையிலேயே இருக்கிறது.

சட்டம் போட்டவள் அதை மீறக் கூடாது என்று நானும் முத்தம் கொடுக்கவில்லை. உச்சந்தலை வரை குனிந்து, பால் மணத்தோடு நிமிர்ந்துவிடுகிறேன். குடும்பக் கணக்கில் எதையும் நிலுவை வைக்காத எனக்கு இது ஒன்றுதான் பாக்கி நிற்கிறது. பிள்ளை தும்மினால் அஃப்ரின் பிள்ளையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகத்தில் பயம் தெரியக் கூடாது. தெரியவும் இல்லை, ஏனென்றால் எனக்குப் பயமே இல்லை. குறை இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றிப் பிள்ளையைத் தேற்றலாம் என்று தேடிப் படித்து வைத்திருக்கிறேன். ஆகவே வராதீர்கள். வந்தாலும் உங்களுக்கு ஜன்னல்தான். பெரியத்தா பக்கத்தில் இடமிருக்கிறது.

உங்களையும் உங்களோடு அறையில் தங்கியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளையும் அல்லாஹ் தன் காவலில் வைப்பானாக.

துஆவுடன்,
மாமி பாத்திமா பீவி

பி.கு.: அம்மார் கடிதத்துக்காக நிற்கும்போதே மலர்கொடி போன் செய்தாள். பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறதாம், தடுப்பூசிக்கு அழைத்து வரச் சொன்னாள். பயமே இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தவளை அஃப்ரின்தான் தூக்கி நிறுத்தினாள். பாக்கியைத் தீர்க்கப் பிள்ளையிடம் ஓடினேன். "மொதல்ல சோப்பும்மா" என்று வழிமறித்துவிட்டாள். நான் வாளிக்குப் போன நேரத்தில், ஏற்கெனவே கை கழுவி ஜன்னலில் நின்ற பெரியத்தா உள்ளே புகுந்து முதல் முத்தத்தைக் கொடுத்துவிட்டார். எல்லாம் என் கையில் இருக்கிறது என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். என் கையில் இப்போது சோப்பு மட்டும்தான் இருக்கிறது. லீவு போட்டு வாருங்கள்.