சாட்சிக்குப் பாடம் எடுக்கிற வக்கீல்

முதல் நாள் கோர்ட்டு வராந்தாவில் என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனை ஒன்று தள்ளி ஒன்று போட்டுக்கொண்டு நின்றார். நான்கூடக் கவனிக்கவில்லை. வக்கீல் குமாரவேல் வந்தார். இவர் தோளில் கை போட்டு, ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி சுவர்ப்பக்கம் திருப்பி, பட்டனையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் போய்விட்டார். இந்தப் புண்ணியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு புண்ணியமானதில்லை.

உலகத்தில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்று ஒரு ரகம் உண்டு. அடுத்தவர் வாயைத் தன் வாயாக நினைக்கிற ரகம். நாம் அழுதால்கூட, "இப்படி இல்லம்மா, கொஞ்சம் மூச்சை இழுத்து அழுங்க" என்று திருத்துவார்கள். இவர்களில் ஒருவருக்குப் பரிவட்டம் கட்ட வேண்டுமானால், தலையடிக் கேஸ் நடத்துகிற வக்கீலுக்குத்தான் கட்ட வேண்டும். ஏன் தெரியுமா? கால் உடைந்தவனுக்கு அவன் கட்டே சாட்சி சொல்லும். மூளையில் அடிபட்டவன்? வெள்ளை வேட்டி கட்டி, நெற்றிக்கு இட்டு, சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். யார் நம்புவார்?

இவரும் அப்படித்தான் நின்றார். ஓரிக்கை ரோட்டில் ஒரு வேன் இடித்து சைக்கிளோடு விழுந்தவர். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. தலைக்குள் போனது மட்டும் திரும்பவில்லை. நீதிபதி நம்பினால் எங்களுக்கு நஷ்டஈடு, கடைசி மட்டும் கஞ்சி. நம்பாவிட்டால், தறி நெய்தவருக்கு நடிகர் என்று பெயர்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பாடம் நடந்தது.

"மறதி இருக்குதுன்னு சொல்லணும் வரதராஜன். மறந்துடாதீங்க."

"சரி சார்."

"எங்க, என்ன சொல்லணும்?"

"என்ன சார் சொல்லணும்?"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு நொடியைக் கோர்ட்டில் காட்டினால் போதாதா? அது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றினால் பாடம் எப்படி நடத்துவது? ஐந்தாங்கிளாஸ் படித்த எனக்கும், மூளையின் முன்பக்கத்துக்கு இங்கிலீஷில் 'ஃப்ரண்டல் லோப்' என்று ஒரு வார்த்தையைக் கொடுத்து, சுப்ரபாதம் மாதிரி தினமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெருமாள் மன்னிக்கட்டும்.

விசாரணை நாளன்று வக்கீலே இவர் பட்டனைக் கழற்றிக் கோணலாக மாட்டினார். "ஜட்ஜ் கண்ணுல படட்டும்மா." இவர் குனிந்து பார்த்தார். "என்ன சார், ஒண்ணு தள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று, அன்றைக்குப் பார்த்து, அழகாகச் சரிசெய்துகொண்டார்.

இவர் கூண்டில் ஏறியதும், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மிருதுவாகக் கேட்டார்: "எப்படி இருக்கீங்க பெரியவரே?"

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். சாகக் கிடப்பவனைக் கேட்டாலும் அதுதான். இவர் கைகூப்பினார்.

"வரதர் புண்ணியத்துல நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஒண்ணும் கொறை இல்லியே?"

"பெருமாள் இருக்கறப்ப என்ன சார் கொறை?"

"அவ்வளவுதான் யுவர் ஆனர்." உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "வீட்டுல எப்படிம்மா இருக்காரு?" என்று நீதிபதி அம்மாவே கேட்டார். எதிரில் எங்கள் வக்கீல் சத்தமில்லாமல் 'ஃப்ர… ஃப்ர…' என்று உதட்டைக் குவித்தார். எனக்கு அந்த வார்த்தை பறந்தே போய்விட்டது.

"தறியில உக்காந்தா நெய்யறாரும்மா. கை மறக்கல. ஆனா பொடவையில முந்தி வர்ற எடத்துல நிறுத்தத் தெரியல, உடலையே நெய்துக்கினே போறாரு. போன மாசம் எனக்குக் காய்ச்சல், நாலு நாள் எழுந்திருக்கல. வந்து பாத்தா முந்தி எடம் தாண்டிப் போயிருக்குது. கேட்டா, நல்லாத்தானே போவுதுங்கறாரு. முப்பது வருஷமா பொடவைக்கு முந்தி போட்ட மனுஷன்மா. இப்ப கையைப் புடிச்சாதான் நிக்குது. நான் போயிட்டா யாரும்மா புடிப்பா?"

நீதிபதி அம்மா இவர் பக்கம் திரும்பினார். "எப்ப நிறுத்தணும்னு உங்களுக்குத் தெரியாதா ஐயா?"

இவர் எழுந்து நின்றார்.

"சொன்னீங்கன்னா நிறுத்திடறேம்மா."

அந்த அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

வக்கீலைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை ஆஸ்பத்திரியில், நோயாளி வாய் திறப்பதற்குள் "நேத்துலேருந்து வயித்து வலி டாக்டர், இவருக்குச் சொல்லத் தெரியாது" என்று முந்திக்கொண்டது யார்? துக்க வீட்டில் அழுகிறவளுக்கு அழ வேண்டிய வார்த்தையை எடுத்துக் கொடுத்தது யார்? நான் உங்களைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சொல்கிறேன்.

தீர்ப்பு நகல் வாங்கிய அன்றுதான் குமாரவேலைக் கடைசியாகப் பார்த்தது. கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினோம். பின்னாலேயே ஓடி வந்தார்.

"அம்மா, யாராவது கேட்டா, வக்கீல் எதுவும் சொல்லிக் கொடுக்கல, நானாத்தான் சொன்னேன்னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."