புழு பாக்குற பொண்ணு

"ஃபிரிட்ஜுல சாம்பார் வைக்கிற எடத்துல புழுவ வச்சிக்கீறியே, நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

"அது புழு இல்லம்மா, சாம்பிள்."

"சாம்பிள்னா எதுக்குடி நெளியுது?"

அம்மா கலாவும் பொண்ணு ஷாரோனும் போட்ட சண்ட தெருமுன வரைக்கும் கேட்டுச்சு. நடுவுல மாட்டிக்கினவரு அப்பா பெஞ்சமின். உத்திரமேரூர் பக்கத்துல ஒரு ரைஸ் மில்லுல மேஸ்திரி. சத்தமே புடிக்காத ஆளு.

ஷாரோன் பண்றது ஆராய்ச்சிப் படிப்பு. தட்டைப்புழுன்னு ஒரு கூட்டம். ஆட்டு ஈரல்ல வாழறது, கொடல்ல வாழறது, குட்டையில சும்மா திரியறதுன்னு அதுல பல ரகம். ஒவ்வொண்ணோட விந்தணுவையும் பெருசு பண்ணிப் பாத்து, எதுக்கு எது சொந்தம்னு கண்டுபுடிக்கணும்.

இத போன தடவ பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பெஞ்சமின் அப்பிடியே சொல்லிட்டாரு. "விந்தணு"ன்னு காதுல விழுந்ததும் மாப்ளையோட அம்மா கேசரித் தட்ட கீழ வச்சிட்டு எழுந்தவங்கதான். அதுக்கு முன்னாடி வந்தவங்க "புழு"ன்னதுக்கே போயிட்டாங்க.

இன்னிக்கு சாலவாக்கம் பக்கத்துல இருந்து மாப்ளையும் அவங்கப்பாவும் வராங்க. தரகர் தானியேல் ஏற்பாடு. இதுவும் போச்சுன்னா இந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன்னு தானியேல் கறாரா சொல்லிட்டாரு.

"இன்னிக்கு ஒரு நாளு, கம்ப்யூட்டர் படிக்கிறேன்னு சொல்லிடு கண்ணு."

"பொய்யா நைனா?"

"சரி, நானே சொல்லிக்கிறேன். நீ டீ மட்டும் எடுத்துக்கினு வா."

சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வாசல்ல பைக் வந்து நின்னுச்சு. ஒரு பெரியவரு, கூட முப்பது வயசு மதிக்கிற ஆளு.

"பெஞ்சமின் வூடு இதானுங்களா? சாலவாக்கத்துல இருந்து வரோம். என் பேரு ஆல்பர்ட். இவன் என் புள்ள ஆல்வின்."

"வாங்க வாங்க, உக்காருங்க!"

"நாங்க எதுக்கு வந்தோம்னா..."

"அட, இன்னாங்க நீங்க! வந்ததும் வராததுமாவா? மொதல்ல நாஷ்டா."

அந்தப் பக்கம் அப்பிடித்தான். வந்தவங்க வாயில எதனா போடாம விஷயத்தப் பேச வுடமாட்டாங்க. எதுக்கு வந்தீங்கன்னு கேக்கவும் மாட்டாங்க, மரியாத இல்லையாம்.

போண்டா வந்துச்சு. கேசரி வந்துச்சு. ஆல்பர்ட் போண்டாவ முழுங்கிட்டு மெள்ள ஆரம்பிச்சாரு.

"பொண்ணு இன்னா படிக்குதுங்க?"

"கம்ப்யூட்டரு!"

ரெண்டு பேரு மொகமும் தொங்கிப்போச்சு. கம்ப்யூட்டர் இவங்களுக்குப் பத்தல போலன்னு நெனச்சாரு பெஞ்சமின்.

"கம்ப்யூட்டர்னா சும்மா கம்ப்யூட்டர் இல்லீங்க. டாக்டருக்குப் படிக்கிற மாரி. டாக்டர்னே வச்சிக்குங்களேன்."

ஆல்பர்ட் நிமிந்து உக்காந்தாரு. "டாக்டரா? யாருக்கு?"

"மனுசங்களுக்குத்தான்! வேற யாருக்கு?"

மறுபடியும் தொங்கிப்போச்சு.

பெஞ்சமினுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. எவனோ புழு விஷயத்தப் போட்டுக் குடுத்துட்டான்!

"யாரு இன்னா சொன்னாலும் நம்பாதீங்க. எங்க பொண்ணுக்குப் புழு பூச்சின்னாலே ஆவாது. கத்திரிக்காய்ல புழு வந்தா அருவாமனையத் தள்ளிட்டு ஓடிடும்!"

ஆல்பர்ட் தட்ட வச்சிட்டு எழுந்துட்டாரு. "அப்ப நாங்க கெளம்பறோங்க."

டீத் தட்டோட கதவாண்ட நின்னுக்கினு இருந்த ஷாரோனுக்கு இதுக்கு மேல தாங்கல.

"நைனா, போதும். அய்யா, நான் புழுதான் பாக்கறேன். தட்டைப்புழு. அதோட விந்தணுவுக்கு எத்தினி வாலுன்னு எண்ணிக்கினு கீறேன். ஆட்டு ஈரல்ல கீற புழுவுக்கு ரெண்டு வாலு. நாடாப்புழுவுல சிலதுக்கு ஒண்ணுதான். குட்டையில திரியற சிலதுக்கு வாலே கெடையாது. அந்த வாலு உள்ளார எப்பிடி அமஞ்சிருக்குன்னு பாத்தா, எது எதுக்குப் பங்காளி, எது எப்ப பிரிஞ்சி போச்சுன்னு சொல்லலாம். எனக்கு இதுல வெக்கமே கெடையாது."

உள்ள கலா தலையில கைய வச்சிக்கினு உக்காந்துட்டாங்க. பெஞ்சமின் கண்ண மூடிக்கினு, பைக் கெளம்புற சத்தத்துக்காகக் காத்துக்கினு இருந்தாரு.

பைக் சத்தம் வரல. நாற்காலி இழுக்குற சத்தம்தான் வந்துச்சு. கண்ணத் தொறந்தா ஆல்பர்ட் இன்னொரு போண்டாவ எடுத்துக்கினு கீறாரு. ஆல்வின் மொகத்துல அப்பிடி ஒரு சிரிப்பு.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க?"ன்னாரு ஆல்பர்ட்.

பெஞ்சமின் சடார்னு எழுந்து போயி ஆல்வின் கையப் புடிச்சிக்கினாரு.

"மாப்ள! அப்ப உங்களுக்கு சம்மதந்தானா?"

ஆல்வின் கைய வெடுக்குன்னு இழுத்துக்கினான்.

"மாப்ளையா? எனக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்க! எங்க ஆடுங்க வரிசையா சாவுது, ஈரல அறுத்தா உள்ள ஒரே தட்டைப்புழு. இங்க ஒரு பொண்ணு அததான் பாக்குதுன்னு சொன்னாங்க, அந்த ஈரல ஐஸ் போட்டுப் பையில எடுத்தாந்து கீறோம்!"

"குடுங்க, குடுங்க!" ஷாரோன் ஓடியாந்து, கேசரித் தட்டு பக்கத்துலயே ஈரலப் பரப்பிட்டா.

அப்ப பெஞ்சமினுக்கு ஃபோன் வந்துச்சு. தானியேல்.

"அண்ணே, மாப்ள வூட்டுக்காரங்க ஆட்டோவுல தெருமுனைக்கு வந்துட்டாங்க. பொண்ணு இன்னா படிக்குதுன்னு கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

ஃபோன காதுல வச்சிக்கினு பெஞ்சமின் அப்பிடியே நிக்கிறாரு. கம்ப்யூட்டர்னு சொல்றதா, புழுன்னு சொல்றதா? நீங்களா இருந்தா இன்னா சொல்லுவீங்க? ஆட்டோ வாசலுக்கு வரதுக்குள்ள கீழ எழுதுங்க.