பட்டறைக்காரியின் கணவன்

வாளைச் சாணை பிடிக்கப் போன இடத்தில் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நடந்தது டிவி திரையில்தான். ஆனாலும் பூ கொட்டியது, மணி அடித்தது, 'இன்று முதல் நீங்கள் தம்பதி' என்று தங்க எழுத்து மின்னியது. சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்து, மடித்த துணிகளோடு அவன் மனைவி உள்ளே வந்தாள்.

"யாரு இந்தப் பொம்பளை?"

"பட்டறைக்காரி. வாள் தீட்டித் தர்றவ."

"வாள் தீட்டினா பூ எதுக்குக் கொட்டுது?"

தப்பு முழுக்க அவனுடையது என்றும் சொல்ல முடியாது. 'கருங்கோட்டை' வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தை, தொழில் பழகிய காலத்தில் கரைத்துக் குடித்தவன் அவன். அதில் வீரன் என்பது பன்னிரண்டு சதுரப் புள்ளி, மூக்குகூடக் கிடையாது. ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கு ஒரே வசனம். "கிணற்றில் பேய் இருக்கிறது" என்கிற ஆசாமி, பேயைக் கொன்று எதிரே போட்டாலும் அதையேதான் சொல்வார். அதனால் எவர் வாயைத் திறந்தாலும் கேட்காமல் பட்டனைத் தட்டித் தள்ளிவிடுவது அவன் பழக்கம்.

இருபது வருஷம் கழித்து, ஒரு வாரம் லீவு போட்டுப் பதினோராம் பாகத்தில் கால் வைத்திருந்தான். வீரனுக்கு மூக்கு தேர்ந்தெடுக்கவே ஒரு காலைப்பொழுது போனது. தொழில் பக்தியோடு 'மேல்கீழ் வீரன்' என்று பேர் வைத்தான். இந்த வீரனுக்குப் பசித்தது, சளி பிடித்தது, செருப்பு தேய்ந்தது. பட்டறைக்காரி என்னவோ நீளமாகக் கேட்டாள். பழக்க தோஷத்தில் தட்டினான். அதுதான் சம்மதமாம்.

"முதல் பொண்டாட்டி இருக்கும்போது ரெண்டாவது செல்லாது," என்றாள் மனைவி. திருமணப் பதிவு அலுவலகத்தில் பதினைந்து வருஷமாக முத்திரை குத்துகிறவள். "ரத்து பண்ணுங்க."

தேடினான். "குதிரையை மாத்த வழி இருக்கு, தாடியை மாத்த இருக்கு. பொண்டாட்டியை மாத்தத்தான் இல்ல," என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தான்.

அன்று முழுக்க வீட்டில் தட்டுகள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டன.

மறுநாள் காலை, ஒரு யோசனை செய்து வீரனை மலை தாண்டி வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனான். மதியமே ஒரு கழுகு கடிதத்தோடு வந்து இறங்கியது.

'ஏங்க, சாப்பிட்டீங்களா? சொல்லாம எங்க போனீங்க? எனக்கு ரெண்டு நாளா முட்டி வலி. சாயந்திரம் நாலு மணி வரைக்கும் தூங்குவேன், அதுக்கு முன்னாடி வந்தா கதவைத் தட்டாதீங்க.'

மெக்கானிக் அசந்துபோனான். "பாரேன்! முட்டி வலி வரைக்கும் யோசிச்சு எழுதியிருக்கானுங்க. எங்க இருந்து எங்க வந்துட்டாங்க!"

மனைவி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "எனக்குப் போன மாசம் முதுகு வலி. நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது வேற..."

"என்ன வேற? அவளாவது வாயைத் திறந்து சொல்றா. நீங்கதான் யார் பேசினாலும் பட்டனைத் தட்டுற ஆளாச்சே!"

கட்சி மாறிவிட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாக, 'இனிமேல் எழுத வேண்டாம்' என்று கழுகிடம் பதில் கொடுத்தனுப்பினான். அடுத்த நாள் கழுகு ஒரு புது வாளைச் சுமந்துகொண்டு வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'கோபமா இருந்தாலும் வெறுங்கையோட சண்டைக்குப் போகாதீங்க.'

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனுஷனா நீங்க?"

ஒரேயடியாகத் தலைமுழுகிவிட எண்ணி, தம்பதிகள் என்பதற்காக ஊர் கொடுத்திருந்த வீட்டை ஒரு பூதத்துக்கு எழுதிக் கொடுத்தான். பூதம் பெட்டி படுக்கையோடு குடியேறியது. பட்டறைக்காரி ஒரு மூட்டையோடு தெருவில் நின்றாள். அந்த நிமிஷமே வீரனின் தலைக்கு மேலே சிவப்பில் 'கட்டியவளைக் கைவிட்டவன்' என்று எழுத்துகள் மிதக்க ஆரம்பித்தன. செருப்பு தைக்கிறவர் கடையைச் சாத்தினார். ஒரு ஆடுகூட முட்ட வந்தது.

"முதல் பாகத்துல ஆடே கிடையாது," என்று முனகினான் மெக்கானிக்.

"இன்னைக்கு அவளைத் தெருவுல விட்டவரு, நாளைக்கு என்னை விட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? எங்க அப்பாவை வரச்சொல்றேன். அவரே கேட்கட்டும்."

"இதுக்குப் போயா?"

"அவரே ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலையாம். அந்த மனுஷனுக்கு இதையும் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு!"

மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரித்த முகத்தோடு ஒரு போட்டோகூடக் கிடையாது. மருமகனோடு வருஷத்துக்கு மூன்று தடவை பேசுவார். மூன்று தடவையும் "ம்" என்பார். பக்கத்துத் தெருவிலிருந்து அவர் மெல்ல நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மகள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கட்டியது, ஓடியது, கழுகு, வாள், பூதம் எல்லாம்.

"டிவியைப் போடுங்க," என்றார்.

போட்டான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சிவப்பு எழுத்தைப் படித்தார். அதற்குக் கீழே இருந்த பேரை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார்.

"மேல்கீழ் வீரன்... நீங்களா?"

"ஆமா மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"மாமா, நீங்களாவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க. வெறும் பொம்மை மாமா அது! கம்ப்யூட்டரே எழுதி, கம்ப்யூட்டரே பேசுது. அதுக்கு ஏது வருத்தம், ஏது மனசு?"

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருமகனை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"அதெல்லாம் பழைய பாகம் மாப்பிள்ளை, இப்ப அந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் இன்டர்நெட்ல விளையாடுற நிஜ ஆளுங்க... பட்டறைக்காரி நான்தான்."