கைகாட்டாத டாக்டர்

"எந்த ஸ்கேன் சென்டருக்குப் போறதுன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர், கிளம்பிடறேன்" என்று முழங்கால் வீங்கிய லாரி டிரைவர் மறுபடியும் கேட்டார்.

எலும்பு டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையின் ஸ்கேன் மெஷின் பழுதாகிக் கிடந்தது. வெளியே, வாசலுக்கு இடப்பக்கம் ஒரு தனியார் சென்டர், வலப்பக்கம் இன்னொன்று. நோயாளிகளை அனுப்பிக் கமிஷன் வாங்கினால் வேலையும் போகும், சிறையும் உண்டு என்றது புதிய சட்டம். அதை அவர் அடிக்குறிப்புகள் உட்படப் படித்திருந்தார். வேலை நிரந்தரமானதே சமீபத்தில்தான். கமிஷன் வாங்கும் எண்ணம் அவருக்குக் கனவிலும் வந்ததில்லை. வாங்கியதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற எண்ணம் கனவிலும் விட்டதில்லை.

"உங்களுக்கு எது தோணுதோ அங்க போங்க."

"எனக்கே எல்லாம் தோணினா இங்க ஏன் வரேன்? நானே ஊசி போட்டுக்க மாட்டேனா?"

வரிசை சிரித்தது. நர்ஸ் குனிந்து, "ரெண்டு சென்டர் பேரையும் சொல்லிடுங்க டாக்டர், வம்பே இல்லை" என்றார்.

சொன்னார். முதலில் வந்த பெயர்தான் டாக்டரின் மனத்தில் இருப்பது என்று தீர்மானித்து, வரிசை மொத்தமாக இடப்பக்கம் போயிற்று. மாலையில் வலப்பக்கத்து மேனேஜர் வந்து நின்றார்.

"எங்க மேல என்ன கோபம் டாக்டர்? சொன்னா கவனிச்சுக்க மாட்டோமா?"

டாக்டர் பதறி எழுந்தார். அவரை விரட்டிவிட்டு, மறுநாள் முதல் பெயர்களை மாற்றி மாற்றிச் சொன்னார்.

"எனக்கு வலதை முதல்ல சொன்னாரு. உனக்கு?"

"இடது. ரெண்டு பேருக்கும் ஒரே முட்டிவலிதானேப்பா?"

"வசதியைப் பாத்து அனுப்பறாருடா. நீ பைக்ல வந்தியே, கவனிச்சிருப்பாரு."

வாயே வேண்டாம் என்று முடிவெடுத்து, டாக்டர் பேசாமல் சீட்டை நீட்டினார். நீட்டிய கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆராய்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டார், பார்வை போன திசையில் நடந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசாம இரும்மா. டாக்டர் தியானத்துல இருக்காரு. உத்தரவு வந்ததும் சொல்லுவாரு."

கண்ணைத் திறந்தபோது எதிரே லஞ்ச ஒழிப்பு அதிகாரி நின்றிருந்தார்.

"தனியாருக்கே ஆள் அனுப்பறீங்கன்னு உங்க மேல புகார்."

டாக்டர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நடந்ததையெல்லாம் நர்ஸ்தான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அதிகாரி இரு சென்டர்களையும் குடைந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு பைசா வாங்கலை. ஆளையும் ரெண்டு பக்கமும் தராசு பிடிச்ச மாதிரி பிரிச்சிருக்கீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுஷனைப் பாத்ததே இல்லை, போங்க!"

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் மிடுக்கும் வந்தது.

"புகார் கொடுத்தது அந்த வலப்பக்கத்து மேனேஜர்தானே சார்?"

கதவோரம் நின்றிருந்த, மருத்துவமனையின் சொந்த ஸ்கேன் டெக்னீஷியன் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் கொடுத்தேன் டாக்டர். நம்ம மெஷின் சரியாகி ஒரு வாரமாச்சு. சொல்லலாம்னு வந்தா, ஸ்கேன்னு வாயெடுத்ததுமே காதைப் பொத்திக்கிட்டு ஓடிடறீங்களே!"