குடல்வழி நிர்வாகம்

நிர்வாகக் கலையை மற்றவர்கள் கல்லூரியில் கற்றார்கள். அதைத் தன் பெருங்குடலிலிருந்து நேரடியாகக் கற்றவர் கிளை மேலாளர் ஒருவர்தான். மலச்சிக்கலுக்காக வாங்கிய ஆரோக்கியப் புத்தகத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. மீதியைப் படிக்கும் அவசியம் ஞானிகளுக்குக் கிடையாது.

மறுநாள் காலையிலேயே ஊழியர்களைக் கூட்டினார்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கு. சம்பளம் கேக்குதா? லீவு கேக்குதா? நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைத் தின்னுட்டு, பதிலுக்கு வைட்டமின் தயாரிச்சுத் தருது. இதுக்குப் பேரு என்ன?"

"வயித்துக் கோளாறு," என்றார் கணக்காளர்.

"பரஸ்பர ஒத்துழைப்புய்யா! இன்னையிலேர்ந்து இந்த ஆபீஸ்தான் உடம்பு. நீங்கதான் பாக்டீரியா."

இந்தப் பதவி உயர்வை ஊழியர்கள் கண்கலங்க ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று மதியமே கேன்டீனில் 'ஒத்துழைப்புத் திட்டம்' அமலுக்கு வந்தது. மேலாளர் சாப்பாட்டை உண்டார். அவருக்குச் செரிக்காதவை, அதாவது பழத்தோல், காய்த்தோல், கீரைத்தண்டு எல்லாம் ஊழியர்களின் தட்டுக்குப் போயின.

"ஏங்க, இதை மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுமே!" என்றார் சமையல்காரம்மா.

மாட்டுக்கு நிர்வாகம் தெரியாது என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். கேன்டீன் செலவு அதலபாதாளத்துக்கு இறங்கியது. தலைமை அலுவலகம் பூரித்துப்போய் அவரைப் பாராட்டு விழாவுக்கு அழைத்தது.

தட்டச்சு செய்யும் பெண்தான் பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். "பசி உயிர் போகுது சார். கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க," என்று கெஞ்சினாள்.

"எந்தப் பாக்டீரியாவாவது இப்படி வாய்விட்டுக் கேட்டிருக்காம்மா?" என்று அவர் அறிவியல்பூர்வமாக வருத்தப்பட்டார். அவள் அழுதுகொண்டே டாக்டரிடம் போனாள். கல்நெஞ்சக்காரனுக்கும் மனசு கேட்டிருக்காது.

விழா முடிந்து, சட்டையில் பதக்கம் மின்னத் திரும்பிய மேலாளர் தன் அறையைத் தேடினார். அறையைச் சுற்றியிருந்த மரத்தடுப்பைக் காணோம். நாற்காலியும் மேசையும் வெட்டவெளியில் நின்றன. ஊழியர்கள் ஆவி பறக்கும் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் ரூம் சுவரு எங்கய்யா?" என்று அலறினார்.

வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கிவிட்டுத் தட்டச்சுப் பெண் சொன்னாள்: "பட்டினி போட்டா பாக்டீரியா குடல் சுவரையே அரிச்சுத் தின்ன ஆரம்பிச்சிடுமாம் சார், டாக்டர் சொன்னாரு. அதான், உங்க சுவரைப் பழைய சாமான் கடையில போட்டுத் தின்னுட்டிருக்கோம். நாளைக்கு உங்க மேசை."